டீச்சருக்கு ஊர் காட்டிய வருஷம்

எனக்கு நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் ஆனது. அவளுக்கு முப்பத்தெட்டு. இரண்டு வீட்டாரும் எங்களைக் கைகழுவிவிட்ட பிறகு, யாரோ ஒருவருடைய கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்த எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பாயசம் வருவதற்குள் பேசி முடித்த சம்பந்தம் அது. அவள் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். அரசுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நான் தூத்துக்குடி. முள்ளக்காட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் உப்பளம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.

கல்யாணம் முடிந்த கையோடு மாறுதல் வாங்கிக்கொண்டு அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தாள். வந்த நேரம் சரியில்லை. ஆனி ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, வழியில் கிடக்கும் செம்மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போகும். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த பிச்சிக்கொடி, எங்கள் கிணற்றின் உப்புத் தண்ணீரைக் குடித்து இரண்டே வாரத்தில் கருகியது.

அந்தக் கொடியைத் தொட்டியோடு வாசலில் வைத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

"இது என்ன ஊருங்க? உப்பும் புகையும் புழுதியும். கண்ணுக்குப் பச்சையா ஒண்ணு உண்டா இங்கன? எங்க வீட்டு சன்னலத் தெறந்தா வயக்காடு. மூச்சு விடுததே சொகமா இருக்கும். இங்கன எனக்கு மூச்சு முட்டுது."

"எல்லாம் பழகிரும், டீச்சர்" என்றேன். நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். முதலில் கூச்சத்தில் வந்த பேச்சு, பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

"பழகுதான்னு ஒரு வருசம் பாக்கேன். இல்லேன்னா மே மாசம் மாறுதலுக்கு எழுதிப் போட்டுருவேன். நீங்க சனிக்கிழம சனிக்கிழம அங்கன வாங்க."

சண்டை போடும் குரலில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கத்த வரும். ஆனால் அவள் பாடத்திட்டம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.  நாற்பத்திரண்டு வருஷம் தனியாகச் சாப்பிட்டவன், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடும் ருசியை இப்போதுதான் கண்டிருந்தேன். உப்பளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் போக முடியாது. சனிக்கிழமை மாப்பிள்ளையாக இருக்கவும் எனக்கு மனசில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். மே மாதத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதற்குள் என் ஊரை அவளுக்குக் காட்டிவிட வேண்டும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தக் குஞ்சை நான் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்பது எனக்கே அப்போது தெரியாது.

முதல் நடையிலேயே சொதப்பினேன். ஆகஸ்டு மாதம், சாயங்காலம் நாலு மணிக்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். கண்ணில் மண், வாயில் மண், வாங்கிய சுண்டலிலும் மண். திரும்பி வரும்போது துறைமுகச் சாலையில் அரைமணி நேரம் வண்டிகள் நின்றுவிட்டன. காற்றாலையின் ஒற்றை இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒரு நீளமான லாரி முக்கில் திரும்ப முடியாமல் நின்றது. நான் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பைக்கின் பின்னால் டீச்சரைக் காணோம். இறங்கிப் போய் அந்த இறக்கையின் ஓரமாக, அடி மேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள். நுனிவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"எங்க ஊர்ல இருந்து பாத்தா தூரத்துல சின்னதாச் சுத்தும்" என்றாள். "இம்புட்டுப் பெருசாங்க?"

எண்ணியது எத்தனை அடி என்று சொல்லவில்லை. ஆனால் முகம் மாறியிருந்தது. கடலைப் பார்த்து மாறாத முகம் ஒரு லாரியைப் பார்த்து மாறுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்டோபரில் ஒரு நாள் காலை, கொடியில் காய்ந்த என் வேட்டி எதிர்ப்பக்கமாகப் பறந்தது. காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது. புழுதி அன்றோடு அடங்கியது. வானம் கறுத்து, ஐப்பசி கார்த்திகை மழை பிடித்தது. உப்பளக்காரனுக்கு அது வேலை இல்லாத காலம். பாத்திகள் முழுகிவிடும். தொழிலாளிகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் நாங்கள் யாரும் அளத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மூடிய கடையை யார் போய்ப் பார்ப்பார்கள்?

டீச்சர்தான் கேட்டாள். "மழ பெஞ்சிருக்கு. உங்க அளத்துக்குப் போவமா?"

"அங்கன என்ன இருக்கு? தண்ணிதான் கெடக்கும்."

"தண்ணியத்தான் பாக்கணும்."

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் போனோம். பெரிய வரப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தோம். நடு வரப்புக்குப் போனதும் அவள் நின்றாள். நானும் நின்றேன்.

பாத்திகளைக் காணோம். கிழக்கே துறைமுகத்துக் கிரேன்கள் வரைக்கும், மேற்கே ரோடு வரைக்கும் ஒரே தண்ணீர், ஒரு சுருக்கம் இல்லாத தண்ணீர். அதற்குள் வானம் முழுசாகக் கிடந்தது. மேகம் எங்கள் தலைக்கு மேலேயும் நகர்ந்தது, காலுக்குக் கீழேயும் நகர்ந்தது. எது மேல், எது கீழ் என்று எனக்கு ஒரு கணம் தலை சுற்றியது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்திலா, சந்தோஷத்திலா என்று நான் கேட்கவில்லை. எனக்கே இரண்டும் இருந்தது. சின்ன வயதிலிருந்து அந்த வரப்பில் நடக்கிறேன். தண்ணீர் எத்தனை விரற்கடை நிற்கிறது என்று பார்த்திருக்கிறேன். அதில் வானம் கிடந்ததை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் நடந்தோம். காட்டப் போனவன் நான். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவனும் நானாகவே இருந்தேன்.

மார்கழியில் முயல் தீவுக்குப் போனோம். துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை அது. கடல் வற்றி, பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரிந்தன. அவற்றின் இடுக்கில் விரல் நீளத்துக்கு மீன்களும், ஓடிக்கொண்டே இருக்கும் நண்டுகளும். டீச்சர் குனிந்தவள் நிமிரவே இல்லை. ஒரு சிப்பி ஓட்டைக் கையில் எடுத்தாள். வெளிப்பக்கம் கரடுமுரடாக, அழுக்காக இருந்தது. திருப்பியதும் உள்பக்கம் வெளிச்சம் பட்டு ரோஸ், பச்சை, வெள்ளி என்று மாறி மாறி மினுங்கியது.

"முத்துச் சிப்பியா?"

"ஆமா" என்றேன், நானே அதைச் செய்து வைத்த மாதிரி.

"நீங்க முத்து எடுத்துப் பாத்திருக்கியளா?"

மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் பேக்கரிக்கு முத்து, சலூனுக்கு முத்து, பஸ்ஸுக்கு முத்து, எங்கள் தெருவில் மட்டும் முத்து என்ற பெயரில் நாலு பேர். ஆனால் எங்கள் கடலில் எடுத்த முத்து ஒன்றை என் கண்ணால் பார்த்ததில்லை. முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆயிற்று. உண்மையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணம் ஆகி அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இதற்காக இன்னும் பத்து விஷயத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

தை பிறந்ததும் பூநாரைகள் வந்தன. அளத்துக் காவல்காரர் போனில் சொன்னார், "அண்ணாச்சி, டீச்சர் பறவை பாக்கணும்னாகள்ள, வந்து கெடக்கு." காலை ஆறரைக்குப் போய்விட்டோம். நீண்ட கால், வளைந்த கழுத்து, தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மேய்ந்தன. எண்ண முடியாத கூட்டம். தூரத்திலிருந்து பார்க்க வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தன. எனக்குச் சப்பென்று இருந்தது. அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அடிவயிற்றில் கேட்கிற சத்தம் அது. மொத்தக் கூட்டமும் ஒன்றாக எழும்பியது. இறக்கையை விரித்ததும் உள்ளே ஒளித்துவைத்திருந்த சிவப்பு வெளியே வந்தது. வெள்ளையாகக் கிடந்த அளம் முழுவதும் சிவந்து, எங்கள் தலைக்கு மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய இடத்திலேயே வெள்ளையாக இறங்கியது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கையை எடுத்ததும், "எத்தன வருசமா வருது இது?" என்று கேட்டாள்.

"தெரியல."

"உங்க அளத்துலதான வருது?"

"நாங்க யாரும் ஏறெடுத்துப் பாத்ததில்ல, டீச்சர்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மாசி கடைசியில் வெயில் ஏறி, பாத்திகளில் உப்பு விளைய ஆரம்பித்தது. முதல் உப்பு தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கும். பூத்திருக்கு என்போம். விடியும் நேரத்தில் அவளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். வரப்பில் முழங்காலிட்டு, மூக்கு தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்தாள். ஒவ்வொரு பூவும் நாலு மூலை சரியாக வெட்டின சின்னச் சதுரம். ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்று ஒட்டி, அது கனத்துக் கீழே இறங்குவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். "இதப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில கட்டம் போட்டுச் சொல்லிக்குடுத்திருக்கேன்" என்றாள். "இப்படி வந்து பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."  அன்று காலை என் மனசில் மே மாதத்தைப் பற்றிய பயம் பாதி போய்விட்டது. பாதி போனதும்தான் நான் புத்தி கெட்டு நடந்துகொண்டேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. அளத்தில் வேலை மும்முரம். பதினைந்து பெண்கள் நீளமான வாருகோலால் பாத்தியில் உப்பு வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வாரிய உப்பு நீர் வடியும் வரை வரப்பில் கிடக்கும். அப்புறம்தான் மேட்டில் அம்பாரமாகக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடுவோம். மூன்று நாள் உப்பு வரப்பில் கிடந்தது. பத்து மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் ஏறுவதை எல்லோருக்கும் முன்னால் பார்த்த மூத்த தொழிலாளி, "ஏளா, வாருகோலப் போட்டுட்டு வாங்க" என்று சத்தம் போட்டாள். எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நாலு நடை சுமப்பதற்குள் மழை வந்துவிட்டது.

டீச்சர் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். மார்கழிக்குப் பிறகு மழையையே பார்க்காதவள். வயல்காட்டில் பிறந்தவள். முகத்தை மேலே தூக்கி, கையை விரித்து, "யம்மாடி, என்ன மழ! என்ன மழ!" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். ஈரத்தில் அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கு வேறெதுவும் கண்ணில் தெரியவில்லை.

"பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும்!" என்று நானும் கத்தினேன்.

சித்திரை மாதம், உப்பளத்தின் நடுவில், உப்பளக்காரன். வேறு எந்தத் தொழில்காரன் வாயிலும் அது வாழ்த்து. எங்கள் வாயில் அது வரவே கூடாது. உப்பு வாரும் நாளில் மழை வந்தால்கூட நாங்கள் 'மேகம் போடுது' என்றுதான் சொல்வோம், மழை என்ற பேச்சை எடுக்க மாட்டோம். கூடையோடு ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள். மூத்த தொழிலாளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலையில் இருந்த கூடையிலிருந்து உப்புக் கரைந்து அவள் முகத்தில் வடிந்தது.

"மொதலாளி, உங்க வாயாலயா இது?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அரைமணி நேர மழைதான். மழை விட்டபோது வரப்பில் வெள்ளையாகக் கிடந்த குவியல்கள் பாதியாகியிருந்தன. டீச்சர் சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தாள். அந்தப் பெண்ணிடம் போய், "இனி என்னக்கா ஆகும்?" என்று கேட்டாள்.

"என்ன ஆவும் டீச்சர், பாத்தி தரையெல்லாம் எளகிப் போவும். இந்தத் தண்ணிய வெளிய விட்டு, தரைய மிதிச்சு இறுக்கி, மறுபடி தண்ணி கட்டி, உப்புக் கண்ணுல பட இருவது நாளாவது ஆவும். அதுவரைக்கும் வாரதுக்கு என்ன இருக்கு? மிதிக்குத நாளு போக மத்த நாளெல்லாம் வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் வாசலிலேயே நின்றாள். ஈரத்துணியை மாற்றாமலே கேட்டாள். "எனக்குத் தெரியாது. சிரிச்சிட்டேன். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னிய?"

"நீ சிரிச்ச. அதான்."

அவள் கண்ணில் கோபம் ஒரு கணம் தடுமாறியது. ஆனால் போகவில்லை. "நான் இந்த ஊர்ல இருக்கணுங்கதுக்காவ அந்தப் பொம்பளைக சோத்துல மண்ணப் போடுவியளா? நீங்க எனக்குக் காட்டுன அத்தனையும் அவுக நிக்குத எடம். அவுகள மட்டும் நீங்க எனக்குக் காட்டவே இல்ல."

 மறுநாள் அளத்துக்குப் போய் மூத்த தொழிலாளியிடம் தப்புத்தான் என்று சொன்னேன். "மாவு விக்கப் போனா காத்தடிக்கி, உப்பு விக்கப் போனா மழ பெய்யிது. நீங்க சொல்லலேன்னாலும் பெஞ்சிருக்கும் மொதலாளி" என்றாள். இரண்டு எட்டுப் போய்த் திரும்பி, "ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் டீச்சரை எங்கும் கூட்டிப் போகவில்லை. காட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியது. மாறுதல் விண்ணப்பத்துக்கு அறிவிப்பு வந்தது. எல்லாம் இணையத்தில்தான். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணியோடு முடிந்துவிடும். அவள் சான்றிதழ்களை எல்லாம் படம் எடுத்து வைத்ததைப் பார்த்தேன். அனுப்பினாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பாத்தி மிதிக்க ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் நான் கிளம்பும்போது, டீச்சர் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு பைக் பக்கத்தில் நின்றாள்.

"நானும் வாரேன்."

"இன்னைக்குப் பாக்க அங்கன ஒண்ணும் இல்ல, டீச்சர்."

"பாக்கவா வாரேன்னு சொன்னேன்?"

அளத்தில் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கியதும் எல்லோரும் பதறினார்கள். "டீச்சர், கால் பொத்துப் போவும்" என்றாள் மூத்த தொழிலாளி. "சிரிச்சதுல நானும் உண்டுல்லா அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் நின்றாள். எனக்கு வரப்பில் நிற்கக் கூசியது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கள் குடும்பத்தில் பாத்தியில் இறங்கி மிதித்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

தோளோடு தோள் ஒட்டி நின்று, குதிகாலை அழுத்தி அழுத்தி, அரை அடியாக முன்னே நகர வேண்டும். வரப்பு வரை போய்த் திரும்பி, பழையபடி. "மொதலாளி மிதிக்க எடத்துல குழி விழுது, தொந்தியத் தூக்கிக்கிட்டு நடங்க" என்று யாரோ சொல்ல வரிசை முழுக்கச் சிரித்தது. பத்து மணி வரை மிதித்தோம். வெயில் தாழ்ந்து மூன்று மணிக்கு மறுபடி இறங்கினோம். கச்சான் மெதுவாகக் கிளம்பியிருந்தது. ஒரு விரற்கடைத் தண்ணீரில் வானம் நடுங்கிக்கொண்டு கிடந்தது. பதினேழு பேர் அதை மிதித்துக்கொண்டு போனோம். காலை எடுத்ததும் அது பின்னால் மறுபடி கூடியது. என் காலுக்குக் கீழே தரை கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதை உணர்ந்தேன். இத்தனை வருஷமாக இந்தத் தரையில்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அது எத்தனை கால்களால் ஆனது என்று அன்று எனக்கு மலைப்பாக இருந்தது.

ஆனால் மனசு முழுக்க ஐந்து மணிதான். நேற்றே அனுப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறாளா? போவதற்கு முன் தப்புக்குக் கழுவாயாக ஒரு நாள் மிதித்துவிட்டுப் போகிறாளா? நாலரைக்கு ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் காலையே பார்த்து நடந்தாள்.

வேலை முடிந்து, நல்ல தண்ணீர் இருந்த டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைக் கழுவினாள். குதிகால் இரண்டும் வெடித்துச் சிவந்திருந்தன. தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மணி என்ன?" என்றாள்.

"அஞ்சே கால்."

"முடிஞ்சிட்டா அப்ப. இனி நெனச்சாலும் எழுதிப் போட முடியாது."

"டீச்சர், நீ அனுப்பலையா?" என்று கேட்டேன்.

அவள் சேலை முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டே மூத்த தொழிலாளியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு எறங்கணும்?"

"வெயிலுக்கு முன்ன, அஞ்சு மணிக்கு வந்துருங்க டீச்சர்."

நான் பைக்கை எடுக்கப் போனேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சட்டைப்பை, வேட்டி மடிப்பு எல்லாம் தேடினேன்.